முலாம்பழத்துக்காக ஒரு நோட்டு

சித்திரை பிறந்துவிட்டால் நம் ஊர்த் தெருமுனைகளில் கிர்ணிப்பழம் குவிந்துவிடும். வெயிலைக் குடித்துப் பழுத்த பழத்தைத் தட்டிப் பார்த்து, முகர்ந்து பார்த்து, பேரம் பேசி வாங்கிப் போகிறோம். அதே முலாம்பழத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒருவர் விளைவிக்க நினைத்தால், குளிர்காலம் முடிவதற்குள்ளேயே குதிரை லத்திக்கு ஆள் அனுப்ப வேண்டும். தோட்டத்துக்கென்று ஆண்டுக்கணக்கில் குறிப்பேடு வைத்துக்கொள்ளும் பழக்கம் எங்கே பிறந்தது என்று தேடிக்கொண்டு போனால், அந்த லத்திக் குவியலின் முன்னால்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

இடம், தென் இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பகுதியிலுள்ள செல்போர்ன் என்ற சிற்றூர். ஆள், கில்பர்ட் ஒயிட். 1720-ல் அந்த ஊரிலேயே பிறந்தவர். தாத்தா அங்கே பாதிரியார். ஆக்ஸ்ஃபோர்டில் ஓரியல் கல்லூரியில் படித்துத் தானும் பாதிரியானார். ஆனால் செல்போர்ன் தேவாலயத்தின் முழுப் பொறுப்பு அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அந்தப் பதவிக்கு ஆள் போடும் உரிமை மாடலின் கல்லூரியிடம் இருந்தது, இவரோ ஓரியல்காரர். எனவே துணைப் பாதிரியாகவே காலம் தள்ளினார். வண்டியில் ஏறினால் வாந்தி வரும் உடம்பு வேறு. திருமணமும் செய்துகொள்ளவில்லை. ‘தி வேக்ஸ்’ என்ற வீடும், அதன் பின்னால் மலைச்சரிவுவரை நீண்ட தோட்டமும்தான் அவருடைய உலகம்.

அவருக்கு முலாம்பழப் பித்து. இந்தப் பித்துக்கு எவ்வளவு மெனக்கெட வேண்டியிருந்தது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொன்னால்தான் நோட்டு ஏன் தேவைப்பட்டது என்பது புரியும்.

தொழுவத்திலிருந்து வைக்கோலோடு சேர்ந்த புது லத்தியை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து குவிப்பார்கள். இரண்டொரு நாளில் அது நொதித்துக் கொதிக்க ஆரம்பிக்கும். அந்த முதல் சூட்டில் விதை போட்டால் வெந்துவிடும். எனவே குவியலைக் கிளறி, புரட்டிப் போட்டு, உக்கிரம் அடங்கக் காத்திருக்க வேண்டும். பிறகு அதை நீளப் பாத்தியாக மட்டம் செய்து, மேலே மரச்சட்டம் வைத்து, சட்டத்துக்குள் நல்ல மண்ணைப் பரப்பி, கண்ணாடியால் மூட வேண்டும். பாத்திக்குள் ஒரு குச்சியைச் செருகி வைத்துவிட்டு, அவ்வப்போது உருவி, கையால் தொட்டுச் சூடு பார்ப்பது அந்தக் காலத் தோட்டக்காரர்களின் வழக்கம். கண்ணாடியை முழுக்க மூடினால் லத்தியின் ஆவியில் நாற்று கருகும். அகலத் திறந்தால் குளிரில் செத்துப்போகும். இரவில் பாய் போட்டு மூட வேண்டும். சில வாரங்களில் பாத்தி ஆறிவிட்டால், பக்கவாட்டில் புது லத்தியை அண்டக் கொடுத்துச் சூடேற்ற வேண்டும். இவ்வளவும் செய்து, ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ பழம் கைக்கு வரலாம். மழை பிடித்துக்கொண்டால் அதுவும் அழுகிவிடும்.

செய்த வேலைக்கும் கிடைத்த பழத்துக்கும் நடுவே ஏழெட்டு மாதம் கிடக்கிறது. பழம் தித்தித்தாலும் சப்பென்று இருந்தாலும், எந்தச் செயலால் அப்படி ஆனது என்று செப்டம்பரில் நினைவில் இருக்காது. விதை யார் கொடுத்தது? எத்தனை வண்டி லத்தி போட்டோம்? எந்தத் தேதியில் சட்டத்தை ஏற்றினோம்? மனக்கணக்கில் நிற்கிற விஷயம் இல்லை இது. கத்தரிக்கும் வெண்டைக்கும் எதையும் எழுதிவைக்கத் தோன்றாது. தப்பினால் மறுபடி விதைத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு ஒரே வாய்ப்பு என்று ஆகும்போதுதான் மனிதன் பேனாவைத் தேடுகிறான்.

1751 ஜனவரி 7-ம் தேதி ஒயிட் எழுத ஆரம்பித்தார். அப்போது அவருக்கு வயது முப்பது. ‘கார்டன் காலெண்டர்’ என்று தலைப்பிட்டார். உலகின் முதல் தோட்டக் குறிப்பேடு இதுதான் என்று யாரும் பட்டயம் எழுதித் தர முடியாது. விதைத்த தேதியைக் கதவில் கரிக்கட்டையால் கிறுக்கி வைத்த எத்தனையோ பேர் அவருக்கு முன்னால் இருந்திருப்பார்கள். ஆனால் இருபது ஆண்டு விடாமல் தொடர்ந்து, பிறகு இன்னொன்றாக வளர்ந்து, எழுதியவர் சாகும்வரை ஓடி, இன்றுவரை பிழைத்திருக்கும் நோட்டு இது. அதனால் கதையை இங்கிருந்து தொடங்குவதில் தவறில்லை.

தலைப்பு பழையது. ‘காலெண்டர்’ என்ற பெயரில் தோட்ட நூல்கள் அதற்கு முன்பே இருந்தன. அவற்றில் பேர்பெற்றது ஜான் எவலின் எழுதிய ‘கலெண்டாரியம் ஹார்டென்ஸ்’. 1664-ல், மரம் வளர்ப்பது பற்றிய ‘சில்வா’ என்ற அவருடைய பெரிய நூலின் பின்னிணைப்பாக வந்தது. மாதம் மாதமாகப் பிரித்து, பழத்தோட்டத்தில் இதைச் செய், காய்கறித் தோட்டத்தில் அதைச் செய், இந்த மாதத்தில் இன்ன பூ பூத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டு போகும். நம்முடைய பஞ்சாங்கத்தின் சாயல். ஆடிப்பட்டம் தேடி விதை என்று நம் பெரியவர்கள் ஒரே வரியில் சொன்னதை எவலின் பன்னிரண்டு மாதத்துக்கும் விரித்துச் சொன்னார் என்று வைத்துக்கொள்ளலாம். நல்ல நூல்தான்; திரும்பத் திரும்ப அச்சானது.

ஆனால் பஞ்சாங்கமாகட்டும், பழமொழியாகட்டும், எவலினாகட்டும், பேசுவது வழக்கமான ஆண்டைப் பற்றி. எந்த ஆடியில் மழை ஏமாற்றியது, யார் மூன்றாம் முறை விதைத்தார்கள், எந்த வீட்டில் விதைநெல்லைக் குத்திச் சாப்பிட்டார்கள் என்பதெல்லாம் பழமொழிக்குள் வராது. எவலினுடைய சொந்தத் தோட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனுக்குப் பக்கத்தில் டெப்ட்ஃபோர்டில் அவர் ஆசை ஆசையாக வளர்த்த தோட்டம். 1698-ல் கப்பல் கட்டும் தொழில் பார்க்க வந்த ரஷ்ய ஜார் பீட்டரும் அவர் கூட்டமும் அந்த வீட்டில் தங்கி, வீட்டையும் தோட்டத்தையும் துவம்சம் செய்துவிட்டுப் போனார்கள். தள்ளுவண்டியில் உட்கார்ந்துகொண்டு வேலிச் செடிக்குள் பாய்வது ஜாருக்கு விளையாட்டாம். எவலின் காலெண்டரில் இதற்கு எந்த மாதத்தில் இடம்? இந்த ஆண்டு, இந்தத் தோட்டத்தில், இப்படி நடந்தது என்று எழுதுவதற்கு வேறொரு வகை ஏடு வேண்டியிருந்தது.

ஒயிட் அதைத்தான் தொடங்கினார். அவருடைய காலெண்டர் யாருக்கும் யோசனை சொல்லவில்லை. இன்று இன்ன விதை போட்டோம், இத்தனை வண்டி லத்தி வந்தது, பாத்தி அதிகம் சூடாகிவிட்டது, வெள்ளரி நாற்று போய்விட்டது, மறுபடி போட்டோம். அவ்வளவுதான். அச்சுக்குப் போகும் என்ற நினைப்பில்லாமல் எழுதியதால் அலங்காரம் இல்லை. அவர் தோட்டத்து மண் ஒட்டிக்கொள்ளும் களி. அதைப் பதப்படுத்தச் சாம்பலும் மணலும் எருவும் கலந்து பார்த்ததெல்லாம் அதில் இருக்கிறது. மக்காச்சோளம், உருளைக்கிழங்கு என்று அந்தக் கிராமத்துக்குப் புதிதானவற்றைப் போட்டுப் பார்த்ததும் இருக்கிறது. நல்ல ஆண்டில் நண்பர்களைக் கூட்டி, மலைமேல் கட்டியிருந்த சிறு குடிலில் முலாம்பழ விருந்து வைத்ததும் இருக்கிறது. வாசிக்கும்போது எனக்குப் பிடித்துப்போனது அவருடைய கூச்சமின்மை. செத்த செடியை மறைக்கவே மாட்டார்.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. ஒரு பாதிரியார் எத்தனை வண்டி லத்தியைத் தானே புரட்டியிருப்பார்? அவரிடம் தாமஸ் ஹோர் என்றொரு வேலையாள் இருந்தார். தோட்டக்காரர், குதிரைக்காரர், எடுபிடி எல்லாம் அவரே. நாற்பது ஆண்டுக்குப் பக்கம் அந்த வீட்டில் உழைத்தவர். களை பறிக்க ‘கூடி ஹாம்ப்டன்’ என்றொரு பெண்மணி. நோட்டில் இவர்கள் பெயர் அங்கங்கே வரும். ஆனால் தாமஸ் ஹோர் தன் கையால் ஒரு நோட்டு எழுதியிருந்தால், அதில் முலாம்பழத்தின் இனிப்பைவிட முதுகுவலி அதிகம் இடம்பிடித்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

நோட்டு தொடங்கிய மறுவருடம் ஒரு வினோதம் நடந்தது. அதுவரை பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த பிரிட்டன், ஐரோப்பாவின் பிற நாடுகளோடு ஒத்துப்போவதற்காக 1752-ல் கிரிகோரியன் கணக்குக்கு மாறியது. செப்டம்பர் 2 புதன்கிழமை இரவு தூங்கப் போனவர்கள் வியாழக்கிழமை எழுந்தபோது தேதி செப்டம்பர் 14. நடுவில் 11 நாள் காணாமல் போனது. சம்பளம், வாடகை, திருவிழா என்று மற்றவர்கள் குழம்பியது ஒருபுறம். தேதிபோட்டு எழுதுகிற தோட்டக்காரருக்கு வேறு சிக்கல். 1751-ல் ஒரு மரம் ஏப்ரல் 10-ல் துளிர்த்தது என்று எழுதியிருந்தால், புதிய கணக்கில் அது ஏப்ரல் 21. இதைத் திருத்தாமல் ஆண்டுகளை ஒப்பிட்டால், 1752-க்கு முன்னால் வசந்தம் 11 நாள் முந்தி வந்துகொண்டிருந்தது போலத் தோன்றும். செடிக்கு நாட்காட்டி கிடையாது. இன்றும் அந்தக் காலத்து ஏடுகளைப் புரட்டும் ஆய்வாளர்கள் முதலில் செய்கிற வேலை இந்தத் திருத்தம்தான்.

அதே 1751-ல், ஒயிட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல், ஸ்வீடனில் தாவரவியலாளர் லின்னேயஸ் ‘ஃபிலோசோஃபியா போட்டானிகா’ என்ற நூலை வெளியிட்டார். இலை விடுவது, பூப்பது, காய்ப்பது, இலை உதிர்ப்பது என்று ஒவ்வொன்றின் தேதியையும் ஆண்டுதோறும் குறித்து, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு தாவர நாட்காட்டி தயாரிக்க வேண்டும் என்று அதில் வழிகாட்டினார். அவருடைய மாணவர் அலெக்சாண்டர் பெர்கர் உப்சாலாவில் 1755-ல் அப்படியொன்றை எழுதினார். அதே ஆண்டில் பெஞ்சமின் ஸ்டில்லிங்ஃப்ளீட் என்ற ஆங்கிலேயர் நார்ஃபோக் பகுதியில் ஒரு நண்பரின் பண்ணையில் தங்கி, இங்கிலாந்துக்கான நாட்காட்டியை எழுதினார். இரண்டையும் சேர்த்து 1761-ல் புத்தகமாக்கினார்.

அந்த நண்பர் ராபர்ட் மார்ஷம். அவர் தனிக் கதை. 1736 முதலே, அதாவது ஒயிட்டுக்குப் பதினைந்து ஆண்டு முன்னதாகவே, தன் பண்ணையில் வசந்தம் வந்த அறிகுறிகளைக் குறித்துக்கொண்டிருந்தார். பனித்துளிப் பூ எப்போது பூத்தது, ஓக் மரம் எப்போது இலை விட்டது, தவளை எப்போது கத்த ஆரம்பித்தது, குயில், தகைவிலான் எப்போது வந்தன என்று மொத்தம் 27 அறிகுறிகள். அவருக்கு மரத்தில்தான் நாட்டம், முலாம்பழத்தில் இல்லை. ஒயிட்டும் அவரும் ஒருவரையொருவர் அறியாமலே பல ஆண்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். கடிதத் தொடர்பு ஏற்பட்டபோது ஆண்டு 1790. ஒயிட்டுக்கு எழுபது, மார்ஷமுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது.

ஒயிட் பக்கம் திரும்புவோம். பதினைந்து ஆண்டு பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தவருடைய கண் மெல்ல வேலிக்கு வெளியே போகத் தொடங்கியது. 1766-ல் ஒரு முழு ஆண்டும், ஊரில் எந்தச் செடி என்றைக்குப் பூத்தது, அதே சமயம் எந்தப் பறவை வந்தது, எந்தப் பூச்சி தலைகாட்டியது என்று தனியாக ஒரு நோட்டு எழுதினார். ‘ஃப்ளோரா செல்போர்னியென்சிஸ்’ என்று அதற்குப் பெயர். வெள்ளரி விதைப்பவனுக்குத் தகைவிலான் எதற்கு என்று கேட்கலாம். தேதி எழுதிப் பழகிவிட்ட கை சும்மா இருக்காது என்பதுதான் பதில்.

இந்த நேரத்தில் டேய்ன்ஸ் பாரிங்டன் என்றொரு வழக்கறிஞர் குறுக்கே வருகிறார். எல்லாவற்றிலும் மூக்கை நுழைக்கும் ஆள்; லண்டன் வந்திருந்த சிறுவன் மோட்சார்ட்டைச் சோதித்துப் பார்த்து ராயல் சொசைட்டிக்கு அறிக்கை எழுதியவரும் இவரே. 1767-ல் இவர் ‘நேச்சுரலிஸ்ட்ஸ் ஜர்னல்’ என்று கட்டம் போட்ட ஏடு ஒன்றை அச்சடித்தார். பக்கத்துக்கு ஒரு வாரம். வெப்பமானி, காற்றழுத்தமானி, காற்றின் திசை, மழை, வானிலை, எந்த மரம் முதலில் துளிர்த்தது, எந்தச் செடி முதலில் பூத்தது, எந்தப் பறவையும் பூச்சியும் வந்தன அல்லது மறைந்தன, மீன் முதலிய பிற உயிர்கள், கடைசியில் பலவகைக் குறிப்புகள். நாடு முழுக்கப் பலர் இதை நிரப்பினால் நல்ல இயற்கை வரலாறு ஒன்று தேறும் என்பது அவர் கணக்கு.

1768 ஜனவரியிலிருந்து ஒயிட் இந்தக் கட்டங்களை நிரப்ப ஆரம்பித்தார். பழைய காலெண்டரையும் 1771 வரை விடவில்லை. பிறகு அது இதற்குள் கரைந்துவிட்டது. கட்டம் போட்ட தாளைப் பற்றி எனக்கு இரண்டு மனசு. வெற்றுத் தாளில் மறந்துபோகும் ஒன்றைக் கட்டம் நினைவூட்டும். இன்று மழை எவ்வளவு என்ற காலி இடம் கண்ணில் பட்டால் மழைமானியைப் பார்க்கப் போவோம். ஆனால் கட்டத்துக்குள் அடங்காததுதான் பெரும்பாலும் சுவையானது. ஒயிட்டுடைய ஏட்டிலும் உயிருள்ள விஷயமெல்லாம் கடைசிக் கட்டத்தில், அந்தப் பலவகைக் குறிப்புகளில்தான் நெரிசலாகக் கிடக்கிறது. அவருடைய தங்கை கணவர் தாமஸ் பார்க்கரும் இப்படி எழுதுகிறவர்தான். ரட்லண்ட் பகுதியில் அறுபது ஆண்டுக்கும் மேலாக வானிலைக் குறிப்பு எழுதியவர். அந்தக் குடும்பத்துக் கடிதங்களில் மழைக்கணக்கு நலவிசாரிப்பு போலப் போய் வந்தது.

இந்தப் பழக்கத்தின் பலனை ஒரே ஒரு குளிர்காலத்தை வைத்துச் சொல்லலாம். 1784 டிசம்பரில் கொடும் உறைபனி. ஒயிட்டிடம் இரண்டு வெப்பமானிகள்: ஒன்று மார்ட்டின் செய்தது, இன்னொன்று டாலண்ட் செய்தது. மார்ட்டினுடையதில் பாரன்ஹீட் நான்கு டிகிரிவரைதான் கோடு. பாதரசம் அதற்கும் கீழே இறங்கி அடியிலுள்ள பித்தளைக் காப்புக்குள் ஒளிந்துகொண்டது. தேவையான நேரத்தில் கருவி கைவிட்டுவிட்டது. டாலண்ட் கருவி டிசம்பர் 10 இரவு 11 மணிக்குப் பூஜ்யத்துக்கும் ஒரு டிகிரி கீழே காட்டியது. நம் கணக்கில் மைனஸ் 18 செல்சியஸ்.

பக்கத்தில் நியூட்டன் என்ற ஊர், ஒயிட் வீட்டைவிட இருநூறு அடிக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. அங்கே இன்னும் மோசமாக இருக்கும் என்று எண்ணி, ஒரு நண்பரை வெப்பமானி தொங்கவிடச் சொன்னார். அதே இரவு, அதே 11 மணி: அங்கே 17 டிகிரி! மேட்டில் குளிர் குறைவு, பள்ளத்தில் அதிகம். நண்பரின் கருவிதான் கெட்டுப்போயிருக்கிறது என்று முடிவுகட்டி, தன்னுடையதில் ஒன்றை மேலே அனுப்பினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே அளவைக் காட்டின. சந்தேகமே இல்லை, 18 டிகிரி வித்தியாசம். பனி விலகியபின் தோட்டங்களே சாட்சி சொல்லின. செல்போர்னில் எப்போதும் பச்சையாக நிற்கும் லாரல் வகைச் செடிகள் கருகிக் கிடந்தன. நியூட்டனில் அவற்றுக்கு ஒரு இலைகூடச் சேதமில்லை.

காரணம் எளிது. குளிர்ந்த காற்று கனமானது. காற்றசையாத தெளிந்த இரவில் அது சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கிவிடும். நீலகிரியில் மார்கழி, தை மாதங்களில் தலைகுந்தா போன்ற பள்ளத்துப் புல்வெளிகள் வெள்ளை போர்த்திக் கிடக்கும்போது மேட்டுச் சரிவுகள் தப்பித்து நிற்பதை ஊட்டிக்காரர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். ஆனால் அன்று ஒயிட்டின் கையில் இருந்தது கொள்கை அல்ல. இரண்டு ஊர், இரண்டு கருவி, மணி குறித்த எண்கள். ‘இந்த வருஷம் பனி ஜாஸ்தி’ என்று பேசிவிட்டுப் போயிருந்தால் இந்த விஷயம் பிடிபட்டே இருக்காது.

அதற்கு முந்தைய ஆண்டு, 1783 கோடையில், ஜூன் 23 தொடங்கி ஜூலை 20 வரை வானத்தை ஒரு விசித்திர மூட்டம் மறைத்தது. நடுப்பகல் சூரியன் மேகத்தில் சிக்கிய நிலா மாதிரி மங்கிக் கிடந்ததை அவர் பதிவு செய்தார். ஐஸ்லாந்தில் லாக்கி எரிமலை ஜூன் 8 முதல் வெடித்துக்கொண்டிருந்தது செல்போர்னுக்குத் தெரியாது. காரணம் தெரியாமலே தேதியைச் சரியாக எழுதியதால்தான் பின்னால் வந்தவர்களுக்கு அது பயன்பட்டது.

ஆமையை விட்டுவிட்டால் செல்போர்ன் ரசிகர்கள் சும்மா விடமாட்டார்கள். திமோதி என்று பெயர். ஒயிட்டின் அத்தை சசெக்ஸில் வளர்த்தது. அத்தை இறந்தபின் 1780 மார்ச்சில், மண்ணுக்குள் உறங்கிக்கொண்டிருந்ததைத் தோண்டி எடுத்துப் பெட்டியில் வைத்து, எண்பது மைல் குதிரை வண்டியில் கொண்டுவந்தார். தோட்டத்தில் இறக்கிவிட்டதும் இரண்டு முறை கோடிவரை நடந்து பார்த்துவிட்டு, மாலை குளிர்ந்ததும் மறுபடி மண்ணுக்குள் போய்விட்டது. அன்று முதல் திமோதி எழுந்த நாள், புதைந்த நாள், தின்ற செடி எல்லாம் ஏட்டில் ஏறின. அது பெண் ஆமை என்பது செத்தபின்தான் தெரிந்தது. ஓடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், ஒயிட் ‘ஃப்ளோரா’ எழுதிக்கொண்டிருந்த அதே 1766-ல், மார்ச் 30-ம் தேதி, வர்ஜீனியாவில் இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் ஊதா ஹயசிந்த் பூக்க ஆரம்பித்ததை ஒரு நோட்டில் குறித்தார். தாமஸ் ஜெஃபர்சன். சுதந்திரப் பிரகடனம் எழுதியதும், அதிபரானதும் பின்கதை. இந்த நோட்டு 1824 வரை ஓடியது. பிரான்சில் தூதராக இருந்த காலம், அரசியலில் மூழ்கிய காலம் எல்லாம் இடைவெளியாகக் கிடக்கின்றன. ஒயிட்டிடம் இருந்த பொறுமை இவரிடம் இல்லை. அட்டவணைதான் இவருக்குப் பிரியம். காய்கறிக்கு ஒரு கட்டம் போட்டார்: விதைத்த நாள், நாற்று மாற்றி நட்ட நாள், மேசைக்கு வந்த நாள், முடிந்துபோன நாள். விதையிலிருந்து தட்டுவரைக்கும், தட்டிலிருந்து தீர்ந்துபோகும்வரைக்கும் ஒரே வரியில். வீட்டுத் தோட்டம் போடுகிறவர்களுக்கு இதைவிட உதவியான கட்டத்தை நான் பார்த்ததில்லை. மாடித்தோட்டக்காரர்கள் இன்றைக்கே காப்பியடிக்கலாம்.

அவரும் சாவுகளை மறைக்கவில்லை. 1774 மே மாதத் தொடக்கத்தில் அடித்த உறைபனி, அவருடைய வீடான மான்டிசெல்லோவின் தோட்டத்தில் ஏறக்குறைய எல்லாவற்றையும் கொன்றது, எழுதிவைத்தார். அதிபர் பதவி முடிந்து 1809-ல் வீடு திரும்பி ஆசையாக விதைத்தவற்றில் பலவும் பொய்த்தன. அவற்றையும் வரிசையாக எழுதிவைத்தார். பச்சைப் பட்டாணியில் அவருக்கும் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கும் போட்டி: யார் வீட்டில் முதலில் பட்டாணி மேசைக்கு வருகிறதோ அவர் மற்றவர்களுக்கு விருந்து வைக்க வேண்டும். பெரும்பாலும் ஜார்ஜ் டைவர்ஸ் என்பவரே ஜெயித்தார். நாட்டையே ஜெயித்தவருக்குப் பட்டாணியில் தோல்வி.

இங்கே தாமஸ் ஹோர் விஷயம் இன்னும் கசப்பாகத் திரும்ப வருகிறது. மலைச்சரிவை வெட்டி ஆயிரம் அடி நீளத்துக்கு மட்டமாக்கிய அந்தக் காய்கறித் தோட்டத்தை உண்டாக்கியவர்கள் அடிமைகள். தோட்டத்தை நடத்திய வோர்ம்லி ஹியூஸ் அடிமையாகப் பிறந்தவர். 1826-ல் ஜெஃபர்சனுக்குக் குழி தோண்டியவரும் அவரே. ‘விதைத்தேன்’ என்று அந்த நோட்டில் படிக்கும் ஒவ்வொரு இடத்திலும், மண்ணைத் தொட்ட கை யாருடையது என்று கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒயிட்டின் குறிப்புகளிலிருந்து தேர்ந்தவை கடித வடிவில் ‘செல்போர்னின் இயற்கை வரலாறு’ என்ற புத்தகமாயின. 1789 என்ற ஆண்டுக் குறிப்போடு, லண்டனில் புத்தக வியாபாரியாக இருந்த தம்பி பெஞ்சமின் வெளியிட்டார். அதே 1789-ல் மார்ஷமின் வசந்த அறிகுறிகளை ராயல் சொசைட்டி வெளியிட்டது. ஒயிட்டின் புத்தகம் புகழ்பெற்றது. சிறுவனாக அதைப் படித்தவர்களில் டார்வினும் ஒருவர். மார்ஷமின் ஏடு வேறு வகையில் நீண்டது. அவர் இறந்தபின், நடுவில் விட்டுப்போன காலம் உண்டென்றாலும், அவர் சந்ததியினர் 1958 வரை அதைத் தொடர்ந்தார்கள். தாத்தாவின் தாத்தா தொடங்கிய கட்டத்தில் பேரன் தேதி போடுகிறார்! வெப்பம் கூடும்போது ஓக் மரம் எத்தனை நாள் முந்தித் துளிர்க்கிறது என்று பருவநிலை ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தபோது, இரண்டு நூற்றாண்டுக்குத் தொடரும் எண்கள் அங்கே தயாராக இருந்தன. அமெரிக்காவில் கன்கார்டு ஊரில் எழுத்தாளர் தோரோ 1850-களில் குறித்துவைத்த பூக்கும் தேதிகளையும் இப்படியே எடுத்து இன்றைய தேதிகளோடு ஒப்பிட்டார்கள். சராசரியாக ஒரு வாரம் முந்திப் பூக்கின்றன. உலகம் சூடாவதை அளக்க வேண்டும் என்று இவர்கள் யாரும் எழுதவில்லை. ஒருவருக்கு மரம், ஒருவருக்குப் பட்டாணி, ஒருவருக்கு முலாம்பழம்.

ஒயிட்டின் ஏட்டில் கடைசிப் பதிவு 1793 ஜூனில் விழுந்தது. ஜூன் 26-ல் அவர் இறந்தார். புகழ் எல்லாம் கடிதப் புத்தகத்துக்குப் போக, எல்லாவற்றுக்கும் மூலமான லத்திக் கணக்கு நோட்டு பெட்டியிலேயே கிடந்தது. அது முழுதாக அச்சேறியது 1900-ல். முன்னுரை எழுதியவர் ரெனால்ட்ஸ் ஹோல் என்ற இன்னொரு பாதிரியார், ரோஜா வளர்ப்பதில் நாடறிந்தவர்.

1955 முதல் ‘தி வேக்ஸ்’ அருங்காட்சியகமாக இருக்கிறது. தோட்டத்தைப் பழையபடி அமைக்க முனைந்தவர்களுக்கு ஒயிட்டின் குறிப்புகளே வரைபடம் ஆயின. அவர் காலத்துச் சீமான்கள் தோட்டக் கோடியில் பளிங்குச் சிலை நிறுத்துவது வழக்கம். ஒயிட்டுக்கு அவ்வளவு காசு இல்லை. பலகையில் ஹெர்குலிஸை வரைந்து, ஓரம் வெட்டி, தூரத்தில் பார்த்தால் சிலை மாதிரித் தெரியும்படி நிறுத்திவைத்திருந்தார். இப்போதும் அங்கே ஒரு பலகை ஹெர்குலிஸ் நிற்கிறார். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் ஆளையே காணோம்.